போனவர்களைக் கழித்த கணக்கு

விருந்துகளில் என்னிடம் பொருளாதாரம் பற்றி எதுவும் கேட்க வேண்டாம் என்று என் மனைவி வசந்தா தெரிந்தவர்கள் எல்லோரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். நியாயமான எச்சரிக்கைதான். நான் வாயைத் திறந்தால் கேக் வெட்டுவது தாமதமாகும். ஆனால் போன மாதம் சிட்னியில், கிரவீனில் ஒரு பிறந்தநாள் வீட்டில், பக்கத்து வீட்டுக் கஜன் அதை மறந்துவிட்டான். கணினித் துறையில் வேலை செய்கிறவன், கலகலப்பானவன். கைபேசியை என் மூக்குக்கு நேரே நீட்டினான்.

திரையில் நாடுகள் ஓடிக்கொண்டிருந்தன. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு நிறத்தில் ஒரு பட்டை. ஆண்டுகள் மாற மாற, தலா வருமானம் கூடக் கூட, பட்டை நீளும். ஒன்றை ஒன்று முந்தும். பின்னணியில் மேளச் சத்தம் வேறு. என் உத்தியோக காலம் முழுவதும் கதிரையில் உட்கார்ந்து பார்த்த வேலையை யாரோ ஒரு நிமிடக் குதிரைப் பந்தயமாக்கிவிட்டார்கள்.

மதுரைக்காரரான முத்துக்குமார் பக்கத்தில் நின்று எட்டிப் பார்த்தார். "பாருங்க சார், இந்தியா எப்படி ஏறி வருதுன்னு! இன்னும் கொஞ்ச நாள்ல இவங்களையெல்லாம் தாண்டிருவோம்" என்றார்.

"நீங்கள் உந்தக் குட்டித் தீவைப் பாருங்கோ அண்ணை" என்றான் கஜன். "பேரே வாயில வருகுதில்ல. கீழ கிடந்தது, என்ன கெதியா மேல வருகுது பாருங்கோ. அங்கிள், நீங்கள் இந்த வேலைதானே செய்தனீங்கள்? சொல்லுங்கோவன், அவை என்ன செய்து முன்னேறினவை?"

அந்தப் பட்டை முதன்முதலாகத் துள்ளிய இடத்தை எனக்கு நன்றாகத் தெரியும். அந்த எண்ணைப் போட்டவன் நான்.

"ஆக்கள் போட்டினம்" என்றேன்.

"எங்க போனவை?"

"இங்கதான். சிட்னிக்கு."

கஜன் சிரித்துவிட்டான், அங்கிள் பகிடி விடுகிறார் என்று நினைத்திருப்பான். அதற்குள் கேக் வெட்டக் கூப்பிட்டார்கள். அன்று சொல்லாமல் விட்டதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

என் படிப்புக் காலத்தை இழுத்து வாசகர்களை வதைக்க விருப்பமில்லை. யாழ்ப்பாணத்தில் படித்தேன். கொழும்பில் ஓர் அரசாங்கக் கந்தோரில் கடை கடையாகப் போய் விலை விபரம் எடுத்தேன். நிலைமை மோசமானதும் சிட்னிக்கு வந்தேன். ஸ்ட்ராத்ஃபீல்டில் ஒரு சாப்பாட்டுக் கடைக் குசினியில் சட்டி பானை கழுவிக்கொண்டு மறுபடியும் படித்தேன். பிறகு நகரத்தில் ஒரு சிறிய ஆய்வு நிறுவனம் என்னை எடுத்தது. நாடுகளின் வருமானத்தை ஒப்பிட்டு எழுதிக் கொடுப்பது அங்கே ஒரு பிரிவின் வேலை. பணக்கார நாடு ஒன்றில் ஒருவருக்கு எவ்வளவு, வளர்ந்து வரும் நாடு ஒன்றில் ஒருவருக்கு எவ்வளவு, அந்த இடைவெளி காலப்போக்கில் சுருங்குகிறதா, விரிகிறதா. அந்தப் பிரிவில் சேர்ந்தேன், அங்கேயே கிழவனானேன்.

பிரிவின் தலைவி ஹெலன். உயரமானவர், தாழ்ந்த குரலில் பேசுவார். கோபம் வந்தால் மரியாதை கூடும். அவர் வாயில் 'தயவுசெய்து' வந்துவிட்டால் நாங்கள் அட்டவணையை எடுத்துக்கொண்டு மேசைக்குத் திரும்பிவிடுவோம். எந்த அட்டவணையும் வெளியே போகுமுன் அதைச் செய்தவன் அவர் முன்னால் உட்கார்ந்து, எண் எண்ணாக வாய்விட்டு வாசிக்க வேண்டும். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். தூங்குகிறாரோ என்று நினைத்தால் மாட்டினோம். எங்காவது ஓர் இடத்தில் விரலை உயர்த்துவார். "இதை ஒரு வசனமாகச் சொல்லுங்கள். வசனத்துக்குள்ளே ஒரு மனுஷன் இருக்க வேண்டும்" என்பார். இந்த நாட்டின் தலா வருமானம் இவ்வளவு என்று சொன்னால் ஏற்கமாட்டார். இந்த நாட்டில் ஒருவன் இவ்வளவு காசில் என்ன வாங்கினான், என்ன சாப்பிட்டான் என்று சொல்ல வேண்டும்.

நான் சேர்ந்த புதிதில் ஒரு வறிய நாட்டின் பழைய வருமானத்தைக் கணக்கிட்டுக் கொண்டுபோனேன். அந்த நாட்டுக் காசை நாணயமாற்று விகிதத்தால் டாலராக்கியிருந்தேன். வங்கி வாசலில் பலகையில் போட்டிருப்பார்களே, அந்த விகிதம். வாசித்துக்கொண்டு போனேன். விரல் உயர்ந்தது.

"இந்தக் காசில் ஒருவர் ஒரு நாள் உயிரோடிருக்க முடியுமா?"

"முடியாது" என்றேன்.

"அப்படியென்றால் அந்த நாட்டில் எல்லோரும் செத்துப் போயிருக்க வேண்டுமே. பெருகியல்லவா இருக்கிறார்கள்? யாருடைய பிழை, சிவா? அவர்களுடையதா, உங்களுடையதா? தயவுசெய்து யோசியுங்கள்."

யோசித்தேன். உண்மையில் யோசிக்கவே தேவையில்லை, கடைத்தெருவுக்குப் போனால் போதும். அந்த நாட்களில் வசந்தா பென்டில் ஹில்லில் தமிழ்க் கடைக்குள் போனால் எதையும் நிம்மதியாக வாங்கமாட்டாள். ஒவ்வொரு விலையையும் ரூபாயால் பெருக்குவாள். "இஞ்சாருங்கோ, இந்த ஒரு பிடி முருங்கைக்கீரைக்கு ஊரில ஒரு வளவையே வாங்கலாம்!" என்று வைத்துவிட்டு வருவாள். புதிதாக வந்தவர்கள் எல்லோருக்கும் இருக்கிற நோய்தான் இது. இங்கே சம்பளத்தைப் பெருக்கிப் பார்த்து நாங்கள் ராசாக்கள் என்று ஊருக்கு எழுதுவோம். விலையைப் பெருக்கிப் பார்த்து வயிறு எரிவோம். வசந்தா கீரைக் கட்டோடு செய்ததைத்தான் நான் ஒரு முழு நாட்டோடு செய்திருந்தேன். ஊரில் தலைமயிர் வெட்டுகிறவரும் இங்கே வெட்டுகிறவரும் ஒரே வேலைதான் செய்கிறார்கள், ஒரே மயிர்தான் விழுகிறது. வங்கி விகிதத்தில் பார்த்தால் ஊர்க்காரர் உழைத்தது ஒன்றுமில்லை என்றாகிவிடும். அதனால் காசை மாற்றாமல் அந்தக் காசுக்கு அந்த ஊரில் என்ன கிடைக்கும் என்று பார்த்து ஒப்பிட வேண்டும். அப்படிப் பார்த்தால் வறிய நாடு அவ்வளவு வறியதாகத் தெரியாது. ஆனாலும் இடைவெளி கிடக்கத்தான் செய்கிறது. அதை யாரும் பெருக்கி உண்டாக்கவில்லை.

தலா வருமானத்தைப் பற்றிச் சண்டை பிடிக்கிறவர்கள் எல்லோரும் இப்படி மேலே இருக்கிற வருமானத்தைப் பற்றியே சண்டை பிடிப்பார்கள். கணக்கோ மிகச் சின்னது. மேலே நாட்டின் வருமானம், கீழே நாட்டிலுள்ள ஆட்கள். மேலதைக் கீழதால் வகுக்க வேண்டியதுதான். கீழே இருக்கிற எண்ணை நானும் பல வருடங்கள் பெரிதாகக் கவனிக்கவில்லை. ஆட்களை எண்ணுவதில் என்ன இருக்கிறது என்று நினைத்திருந்தேன்.

அந்தத் தீவு எங்களிடம் வந்தது அதற்கு வெகுகாலம் பிறகு. பசிபிக் கடலில் ஒரு சிறிய நாடு. பெயர் சொல்லப் போவதில்லை. சொன்னாலும் கஜனைப்போல உங்களுக்கும் வாயில் வராது. நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் ஓர் அமைப்பு, அந்த நாட்டின் தலா வருமானத்தைச் சரிபார்த்துத் தரும்படி எங்களைக் கேட்டது. அவர்களிடம் ஒரு கோடு இருந்தது. கோட்டுக்குக் கீழே இருக்கிற நாட்டுக்கு மானியமும் சலுகைக் கடனும் உண்டு. மேலே போய்ச் சில ஆண்டுகள் தொடர்ந்து நின்றுவிட்டால், நீங்கள் இப்போது வசதியானவர்கள் என்று வாழ்த்திவிட்டுச் சலுகையை எடுத்துவிடுவார்கள். தீவு கோட்டுக்குச் சற்றுக் கீழே இருந்தது.

முதல் வாரத்திலேயே எனக்கு ஒன்று இடித்தது. அந்த நாட்டில் குழந்தைகள் வருடாவருடம் குறைந்துகொண்டு வந்தார்கள், பள்ளிக்கூடங்களில் முதலாம் வகுப்புகள் மூடப்பட்டிருந்தன. ஆனால் இளைஞர்கள் மட்டும் ஒருவர்கூடக் குறையவில்லை. இளந்தாரிகள் நிறைந்த ஊரில் ஏன் பிள்ளை பிறக்கவில்லை? விமான நிலையத்தில் புறப்பட்டவர்கள், திரும்பியவர்கள் விபரத்தைக் கேட்டு வாங்கினேன். புறப்பட்டவர்களில் பாதிப்பேர் திரும்பவே இல்லை. பழம் பிடுங்கவும் வயோதிபர் இல்லங்களில் வேலை செய்யவும் ஆஸ்திரேலியாவுக்கும் நியூசிலாந்துக்கும் போனவர்கள். ஆனால் ஆட்களை எண்ணிய குடிசன மதிப்பீட்டில் எல்லோரும் வீட்டில் இருந்தார்கள்.

என்ன நடந்தது என்று யாரும் எனக்குச் சொல்லத் தேவையிருக்கவில்லை. எங்கள் வீட்டிலேயே நடந்தது அது. நாங்கள் பிள்ளைகள் எல்லோரும் வெளிநாடு போன பிறகும், ஊர் அதிகாரியான விதானையார் வீட்டில் இருப்பவர்களைப் பதிய வந்தால் அம்மா எங்கள் எல்லோரையும் சேர்த்துத்தான் சொல்லுவார். விதானையார் வீட்டுக்குள் எட்டிப் பார்த்து, "எங்க, அக்கா, ஒருத்தரையும் காணேல்ல?" என்று கேட்டாராம். "வெளிய போட்டினம், வருவினம். நீ எழுது" என்றாராம் அம்மா. அவரும் எழுதினார். இல்லை என்று சொல்வது அம்மாவுக்குச் சாபம் போடுவது மாதிரி. தீவிலும் தாய்மார் அதையேதான் செய்திருந்தார்கள்.

விதி தெளிவாக இருந்தது. ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருப்பவர் அந்த நாட்டில் வசிப்பவர் அல்ல. அவர்களைக் கழித்துவிட்டு மறுபடி வகுத்தேன். வருமானம் அதேதான், அதில் ஒரு சதம் கூடவில்லை. ஆட்கள் குறைந்தார்கள். தீவு கோட்டைத் தாண்டிவிட்டது.

ஹெலனிடம் வாசித்துக் காட்டினேன். விரல் உயரவில்லை. முடிந்ததும் கண்ணைத் திறந்து, "இது அவர்களுக்குத் தெரியுமா?" என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். எங்கள் முறைப்படி கடிதம் எழுதினால் போதும். ஆனால் அவர், "இதைக் கடிதத்தில் சொல்லக் கூடாது, அவர்களைக் கூப்பிடுங்கள்" என்றார்.

அந்த நாட்டின் புள்ளிவிபரத் திணைக்களத்துக்குத் தலைவி சேலா. சிட்னிக்கு வந்தார். என் வயதிருக்கும். பருத்த உடம்பு, பூப்போட்ட சட்டை, சிரித்தால் அறை முழுக்கக் கேட்கும். உட்கார்ந்ததும் அவர் முதலில் சொன்னது இதுதான் (ஆங்கிலத்தில்தான் பேசினோம், நான் தமிழில் எழுதுகிறேன்): "ஒரு விஷயத்தை முதலே சொல்லிவிடுகிறேன். எங்கள் வெளித்தீவுகளுக்கு வைத்தியர்களையும் மருந்தையும் கொண்டுபோகும் படகு, இந்தச் சலுகைக் காசில்தான் ஓடுகிறது. என் கணவர் அந்தப் படகில் தாதி. ஆகவே எனக்கு இதில் சொந்த நலன் உண்டு. அதை மனதில் வைத்துக்கொண்டு நான் சொல்வதைக் கேளுங்கள்."

இப்படி ஒருவர் பேச்சைத் தொடங்கி நான் அதற்கு முன்னும் பின்னும் கேட்டதில்லை.

நான் அட்டவணைகளைக் காட்டினேன். அவர் ஒன்றையும் மறுக்கவில்லை. போனவர்கள் போனது அவருக்கும் தெரியும். அவருடைய வாதம் வேறு.

"எங்கள் ஊரில் திருவிழாவுக்கு மீன் பங்கு போடுவோம். வெளிநாட்டில் இருப்பவனுக்கும் ஒரு பங்கு வைப்போம். அதை அவன் பெயர் சொல்லிப் பக்கத்து வீட்டுக்குக் கொடுப்போம். கோயிலுக்குக் காசு சேர்க்கும்போது அவனுக்கும் சேர்த்துத்தான் வீட்டுக்கு வரி விழும். கூரை மாற்றும்போது அவன் வேலையை அவன் தம்பி சேர்த்துச் செய்வான். நீங்கள் ஒருவருக்கு எவ்வளவு என்று கேட்கிறீர்கள். அது பங்குதானே? யாருக்கெல்லாம் பங்கு போகிறதோ, அவர்களால் அல்லவா வகுக்க வேண்டும்?"

வேறு யாராவது சொல்லியிருந்தால் உணர்ச்சிப் பேச்சு என்று ஒதுக்கியிருப்பேன். இது அப்படியல்ல. வகுத்தல் என்றால் என்ன என்று எங்கள் தொழிலின் அடிமடியிலேயே கைவைத்துக் கேட்கிறார். எனக்குப் பதில் தெரிந்திருந்தது. தெரிந்திருந்ததுதான் பெரிய பாவம்.

"அவர்கள் ஆஸ்திரேலியாவிலும் எண்ணப்படுகிறார்கள்" என்றேன். "ஒருவரை இரண்டு நாட்டில் எண்ண முடியாது. அப்படி எண்ணினால் எந்த இரண்டு நாட்டையும் ஒப்பிட முடியாமல் போய்விடும்."

"ஓ, இங்கே எண்ணுகிறீர்களா?" என்றார். "சரி, எண்ணுங்கள். ஆனால் இங்கே அவர்களுக்குப் பங்கு வைக்கிறீர்களா?"

ஹெலன் எழுந்து தேநீர் போட்டுக்கொண்டு வந்தார். அவர் யாருக்கும் தேநீர் போட்டு நான் பார்த்ததில்லை. சேலா கோப்பையை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"நீங்களும் வெளியே வந்தவர்தானே, சிவா. உங்கள் அம்மா உங்களை எண்ணமாட்டாரா?"

"எண்ணினார். சாகும்வரைக்கும் எண்ணினார்."

"அவர் பிழையா?"

நான் வாயைத் திறந்தேன், ஹெலன் முந்திக்கொண்டார். "அந்தக் கேள்விக்கு அவர் பதில் சொல்ல வேண்டியதில்லை. தயவுசெய்து" என்றார். அந்தத் 'தயவுசெய்து' சேலாவுக்கா எனக்கா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

அன்று வீட்டில் சாப்பிடும்போது வசந்தாவிடம் சொன்னேன். அவள் அகப்பையைக் கையில் பிடித்தபடியே கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அப்ப மாமி பதிவிச்சதையும் நீங்கள் வெட்டியிருப்பியளோ?"

"ஓம். வெட்டத்தான் வேணும்."

"உங்களோட கதைச்சுப் பிரயோசனமில்ல" என்று சொல்லிவிட்டுச் சோற்றைப் போட்டாள். கறியை நானே எடுத்துக்கொண்டேன்.

எனக்கு வேறு வழி இருந்ததா என்று பலமுறை யோசித்திருக்கிறேன். எண்ணை மாற்றாமல் விட்டிருக்கலாம். அப்போது அது பொய் எண். ஒரு தீவுக்காக ஒரு பொய் என்றால், மற்ற நாடுகளுக்கு நான் போட்ட எண்களை யார் நம்புவார்கள்? உண்மையாகவே வறுமையில் கிடந்து கோட்டுக்குக் கீழே நிற்கிற நாடுகளுக்கு அந்த நம்பிக்கைதானே கைமுதல்? இதையெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். இன்றைக்கும் சொல்வேன். ஒரு சொல்லைக்கூட மாற்றமாட்டேன், மாற்ற முடியாமல் இருப்பதுதான் வருத்தம்.

நாங்கள் செய்ததெல்லாம் ஒன்றுதான். அறிக்கையின் முதல் பக்கமாக ஒரு விளக்கம் எழுதினோம். ஹெலனும் நானும் அதை எழுதிய கதையே தனிக்கதை. நான் ஒரு வசனம் எழுதுவேன், அவர் கண்ணை மூடிக் கேட்பார், வேண்டாம் என்பார். 'மக்கள்தொகை மாற்றத்தால் ஏற்பட்ட உயர்வு' என்று எழுதினேன். "இதில் மனுஷன் எங்கே?" என்றார். கடைசியில் இப்படி வந்து நின்றது: 'இந்த நாட்டில் இருப்பவர்கள் யாரும் முன்பைவிட அதிகம் உழைக்கவும் இல்லை, அதிகம் சாப்பிடவும் இல்லை, அவர்களோடு பங்கு போட்டவர்கள் போய்விட்டார்கள்.' ஆய்வு அறிக்கையில் வருகிற வசனமா இது? ஹெலன் அதற்குக் கீழே தன் கையெழுத்தையும் போட்டார்.

கடன் அமைப்பிலிருந்து மிக மரியாதையாகப் பதில் வந்தது. எங்கள் வேலை தரமானது, எண் ஏற்றுக்கொள்ளப்பட்டது, விளக்கம் பயனுள்ளது, ஆகவே அது பின்னிணைப்பில் சேர்க்கப்படும். முதல் பக்கம் கடைசிப் பக்கமாயிற்று. அதற்குப் பின்னால் வந்த அட்டவணைகள் எல்லாம் எண்ணை மட்டும் எடுத்துக்கொண்டன, பின்னிணைப்பை எந்த அட்டவணையும் எடுத்துக்கொள்ளாது.

சில ஆண்டுகள் தீவு கோட்டுக்கு மேலே நின்றது. சலுகை நின்றது. படகு முதலில் அடிக்கடி ஓடாமல் போயிற்று, பிறகு ஓடவே இல்லை. மருந்துக்குத் தவிக்கிற இடத்தில் எத்தனை நாள் இருப்பார்கள்? வெளித்தீவுக்காரர்கள் பெரிய தீவுக்கு வந்தார்கள், அங்கே வேலை இல்லாதவர்கள் விமானம் ஏறினார்கள். ஆட்கள் இன்னும் குறைந்தார்கள். அந்தக் கடலில் மீன் பிடிக்க வெளிநாட்டுக் கப்பல்கள் செலுத்தும் உரிமைப் பணம் மட்டும் அரசாங்கத்துக்கு வந்துகொண்டே இருந்தது. மேலே இருந்தது அப்படியே இருக்க, கீழே இருந்தது கரைந்துகொண்டு போனது. வருடாவருடம் புதிய எண் போடுகிற வேலை என்னுடையது. வருடாவருடம் தீவு பணக்காரத் தீவாகிக்கொண்டு போனது.

ஒருமுறை ஹெலனிடம் போய், இந்த நாட்டை வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள் என்று கேட்டேன்.

"ஏன்?"

"என்னால் பார்க்க முடியவில்லை."

"எண்ணைப் போட்டவர்தான் பார்க்க வேண்டும், சிவா. இல்லாவிட்டால் எப்படிப் போட்டது என்று ஒருவருக்கும் ஞாபகமிருக்காது" என்றார். குரல் கடுமையாக இல்லை. தன் மேசையைச் சுற்றி வந்து என் தோளில் ஒருமுறை தட்டினார், அதற்கு மேல் அதைப் பற்றி நாங்கள் இருவரும் பேசவில்லை. அவர் ஓய்வு பெற்றுப் போனார், பிறகு நானும் ஓய்வு பெற்றேன்.

குற்றம் செய்தவனுக்கு ஒரு வசதி உண்டு, மன்னிப்புக் கேட்கலாம். சரியாகச் செய்த காரியத்துக்கு யாரிடம் போய்க் கேட்பது? பணக்கார நாடுகளுக்கும் வறிய நாடுகளுக்கும் இடையிலுள்ள தூரம் குறைந்து வருவதைக் காட்டும் கோடுகள் எத்தனையோ வரைந்திருக்கிறேன். அவற்றில் பல உண்மையான ஏற்றங்கள்தான். சனம் படித்து, உழைத்து, அடிபட்டு ஏறியவை. அவற்றை நினைத்தால் இன்றும் மனம் குளிரும். ஆனால் அவற்றுக்கு நடுவிலே ஓர் ஊர் காலியானதும் அதே நிறத்தில், அதே திசையில் ஏறுகிறது. பார்க்கிறவனுக்கு வித்தியாசம் தெரியாது. அதைக் காட்டும்படியாக வரைய எனக்குத் தெரியவில்லை. அந்தத் தோல்வி என்னோடேயே இருக்கிறது.

போன வருடம் மெரிலேண்ட்ஸில் கண் வைத்தியரைப் பார்த்துவிட்டு வெளியே வந்தேன். கண்ணில் மருந்து விட்டிருந்ததால் எல்லாம் கலங்கலாகத் தெரிந்தது. "சிவா!" என்று யாரோ கூப்பிட்டார்கள். முகம் தெளிவாகத் தெரியவில்லை. பிறகு அந்தச் சிரிப்பு கேட்டது, தெரு முழுக்க.

சேலா. ஒரு சின்னப் பெண் குழந்தையைக் கையில் பிடித்திருந்தார், மகளின் மகள். ஒரு கடையில் உட்கார்ந்து கோப்பி குடித்தோம். படகு நின்ற பிறகு கணவருக்கு அங்கே வேலை இல்லாமல் போயிற்றாம். இப்போது பக்கத்திலே ஒரு வயோதிபர் இல்லத்தில் வேலை. சேலா ஓய்வு பெறும்வரை தீவிலேயே தனியாக இருந்து, பிறகு இங்கே வந்துவிட்டார். "வருத்தமாக இருக்கிறது" என்றேன்.

"எனக்கும்தான்" என்றார். "ஆனால் நீங்கள் பிழையாகச் செய்யவில்லை. உங்களிடமிருந்து திரும்பிப் போய் என் திணைக்களத்தில் எல்லோருக்கும் அந்த விதியை நானே படிப்பித்தேன். ஒரு வருடத்துக்கு மேல் வெளியே இருந்தால் கழித்துவிடு என்று."

குழந்தைக்கு ஒரு துண்டு கேக்கைப் பிட்டுக் கொடுத்தார்.

"போன தடவை ஆட்களை எண்ண வந்தபோது என் தங்கை என் பெயரைச் சொல்லியிருக்கிறாள். அக்கா வருவாள், எழுது என்று. எண்ண வந்தவன் நான் பழக்கிய பையன். என் தங்கைக்கு முன்னாலேயே என்னைக் கழித்துவிட்டான். தங்கை தொலைபேசியில் அழுதாள். நான் அவனைத் திட்டவில்லை. அவன் செய்தது சரிதானே?"

"சரிதான்" என்றேன்.

"ஒன்று கேட்கட்டுமா, சிவா? நான் ஓர் ஆள் வெளியே வந்ததில், அங்கே மிச்சமிருக்கிறவர்கள் ஒவ்வொருவருக்கும் எவ்வளவு கூடியிருக்கும்? உங்களுக்குத்தான் அந்தக் கணக்கு சுலபமாயிற்றே. போட்டுச் சொல்லுங்கள். தங்கைக்குச் சொல்ல வேண்டும், நான் போனதாலும் உனக்கு ஏதோ கிடைத்திருக்கிறது என்று."

சிரித்துக்கொண்டேதான் கேட்டார், பகிடிதான். ஆனால் போகும்போது தன் கைபேசி எண்ணைத் தந்தார், என்னுடையதையும் வாங்கிக்கொண்டார்.

வீட்டுக்கு ரயிலில் வரும்போது, வேண்டாம் வேண்டாம் என்று நினைத்தாலும் மனம் கணக்குப் போட்டது. என்ன செய்வது, பழகிய மனம். தீவின் வருமானம் ஞாபகத்தில் இருந்தது, ஆட்களின் தொகையும் இருந்தது. ஒருவரைக் கழித்து வகுத்தேன். ஒருவருக்குக் கூடியது மிகவும் சின்னத் தொகை. அதை வைத்து அந்தத் தீவில் ஒரு நெருப்புப் பெட்டிகூட வாங்க முடியாது. இரண்டு தடவை சரிபார்த்தேன். கூடித்தான் இருந்தது.

சேலா இடைக்கிடை செய்தி அனுப்புகிறார், பேத்தியின் படம், கணவரின் படம். ஒவ்வொன்றின் கீழும் 'கணக்கு என்னாயிற்று?' என்று கேட்டு ஒரு சிரித்த முகம் போடுகிறார். இன்னும் போடவில்லை என்று பதில் எழுதுகிறேன்.